படத்தை முழுதாகக் கொடுங்கள்: பழைய தமிழ்ப் படங்களின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், நெகட்டிவ் (மூலப் படச்சுருள்) உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும், அவர்களிடமிருந்து வாங்கி ஒளிபரப்புகிற தொலைக்காட்சி, இணைய நிறுவனங்களுக்கும்,

நான் மிகவும் நேசிக்கிற ஒரு படம், 1970களின் கடைசியில் வந்தது, சென்ற மாதம் உங்களில் ஒருவருடைய இணையப் பக்கத்தில் "புதுப்பொலிவுடன்" என்ற அறிவிப்போடு ஏறியது. அதுவரை அங்கே இருந்த பழைய பிரதியை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். பழைய பிரதி மங்கல்தான், கோடு விழுந்ததுதான். ஆனால் படம் முழுதாக இருந்தது. புதியது பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் காணோம். மேலேயும் கீழேயும் வெட்டி அகலத் திரைக்குப் பொருத்தியிருக்கிறார்கள். டைட்டிலில் பாதிப் பெயர்கள் இல்லை. ஏன் இப்படி என்று எழுதிக் கேட்டேன். இந்தக் காலத்து ரசிகர்களுக்கு ஏற்ற மாதிரி செய்திருக்கிறோம் என்று ஒரு வரியில் பதில் வந்தது.

அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. படத்தின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே சொல்லப்போவதில்லை. ஒருவர் மட்டும் செய்கிற காரியமாக இருந்தால் அவரிடமே பேசி முடித்திருப்பேன். இதை நீங்கள் பலரும் செய்கிறீர்கள், பல வருடமாகச் செய்கிறீர்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் சினிமாத் தொழிலில் இருப்பவள் அல்ல. பிடித்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அவை ஏன் பிடிக்கின்றன என்று எழுதுகிறவள். ஒரு காட்சி ஏன் நெஞ்சில் நிற்கிறது, கேமரா ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, பாட்டு ஏன் அங்கே வருகிறது என்று யோசிப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. என்னைப் போல ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் படங்கள் வெளியாகி நாற்பது, ஐம்பது வருடம் கழித்தும் அவற்றைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்றால் அதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பேச்சுக்கு அடிப்படை படம்தான். அதுவே அரைகுறையாக இருந்தால் நாங்கள் எதைப் பார்த்து எழுதுவது?

இருபது நிமிடம் போனது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். ஞாபகத்தை வைத்துச் சொல்லவில்லை. பழைய பிரதியின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் இருந்தது. அதில் எத்தனை ரீல், எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். 35 மி.மீ. படச்சுருள் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடுகிறது. ஓர் அடிக்கு 16 ஃபிரேம். ஆக நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27 மீட்டருக்குச் சற்று மேல். நான் சொல்கிற படத்தின் சான்றிதழில் 3,950 மீட்டர் என்று இருந்தது. கணக்குப் போட்டால் 144 நிமிடம். பழைய பிரதி ஓடியது 138 நிமிடம். இந்த ஆறு நிமிடத்தை யாரும் வெட்டவில்லை. நம் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 ஃபிரேம் என்பதால், 24 ஃபிரேம் படத்தை அதில் அப்படியே ஓட்டும்போது வேகம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடிவிடும். நேரம் அந்த அளவுக்குக் குறையும். அதைக் கழித்துவிட்டால் பழைய பிரதி முழுப் படம். புதிய பிரதி 117 நிமிடம். எந்த வகையில் கணக்குப் போட்டாலும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் போயிருக்கிறது. சான்றிதழையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்பதால், இனிமேல் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கக்கூட வழி இல்லை.

என்ன போயிருக்கிறது? இரண்டு பாட்டு. அப்புறம் வசனம் இல்லாத காட்சிகள் அனேகமாக எல்லாமே. அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அண்ணனும் தங்கையும் ராத்திரி சாப்பிடுகிறார்கள். அவள் அண்ணன் தட்டில் சோறு வைக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்க்காமலே பிசைகிறார். குழம்பு வேண்டுமா என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு, கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிடுகிறாள். வெறும் சோற்றை அவர் சாப்பிட்டு முடிக்கிறார். கை கழுவப் போகிறார். அவ்வளவுதான். அடுத்த ரீலில் அவள் வீட்டை விட்டுப் போகும்போது அவர் ஏன் எழுந்து வரவில்லை என்பது இந்தச் சாப்பாட்டில்தான் இருக்கிறது. புதிய பிரதியில் இது இல்லை. அவள் திடீரென்று போகிறாள், அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரி மாணவர் எழுதியதைப் படித்தேன். நல்ல கண் உள்ள பையன். "திரைக்கதையில் பெரிய ஓட்டை, தங்கை போவதற்குக் காரணமே இல்லை" என்று எழுதியிருந்தார். அவர் பார்த்ததை வைத்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். கத்தரி வைத்தவர் செய்த தவறு இயக்குநரின் கணக்கில் ஏறிவிட்டது. நான் அவருக்கு விளக்கம் எழுதினேன். பார்க்கிற ஒவ்வொருவருக்கும் யார் எழுதுவது?

வெட்டுகிறவர்கள் முதலில் கை வைப்பது பேச்சில்லாத இடத்தில். இது என்னைப் போன்றவர்களை ரொம்பவே வருத்துகிறது, ஏனென்றால் தமிழில் பேச்சைக் குறைத்துப் படத்தால் கதை சொல்ல எத்தனை பேர் போராடினார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மகேந்திரன், பாலு மகேந்திரா, ருத்ரய்யா என்று அந்த இயக்குநர்களின் வரிசை நீளும். பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில், கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் பூசாத சுவரைத் தடவிக்கொண்டு அறை அறையாக நடக்கிறார். கதை என்று பார்த்தால் அங்கே ஒன்றும் 'நடக்கவில்லை'. வேகமாகப் போக வேண்டும் என்று நினைக்கிறவர் கையில் கொடுத்தால் அதைத்தான் முதலில் எடுப்பார். ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு வீடு என்றால் என்ன என்பதை அந்தக் காட்சியைவிட நன்றாகச் சொன்ன இடம் எனக்குத் தெரிந்து தமிழ் சினிமாவில் இல்லை.

சட்டகத்தை வெட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரத்தை வெட்டினால் குறைந்தபட்சம் யாராவது கவனிப்பார்கள். சட்டகத்தை வெட்டுவது பலர் கண்ணில் படுவதே இல்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறத்தாழ சதுரத்துக்கு நெருக்கமான சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. அகலம் 1.37 என்றால் உயரம் 1. இன்றைய தொலைக்காட்சித் திரை 16க்கு 9. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை விட்டால் படம் முழுதாகத் தெரியும். அந்தப் பட்டை பார்ப்பவருக்குப் பிடிக்காது என்று நினைத்து, படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். இதில் உயரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது.

எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இல் வந்தது. பாட்டில்லாத தமிழ்ப் படம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய விஷயம் அதன் ஒளியும் நிழலும். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் குண்டு போட்ட சமயம் கதை நடக்கிறது. ராஜன் சுடப்பட்டு விழுகிறான். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். யாரை நம்புவது என்ற சந்தேகத்தை வசனத்தைவிட வெளிச்சம்தான் நமக்குள் ஏற்றுகிறது. முகத்தில் பாதி இருட்டு, தலைக்கு மேலே சுவரில் நிழல், ஆளை அமுக்குகிற மாதிரி மேலே ஒரு வெற்றிடம். ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் சட்டகத்தின் மேல்பகுதியைச் சும்மா விட்டு வைக்கவில்லை. நான் பார்த்த ஒரு பிரதியில் அந்த மேல்பகுதியே இல்லை. நெற்றியோடு வெட்டப்பட்ட முகங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. அதுபோதாதென்று இருட்டையெல்லாம் வெளுக்க வைத்திருந்தார்கள். மறைந்திருக்க வேண்டியது எல்லாம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அப்படிப் பார்த்தால் அது வழக்கமான ஒரு துப்பறியும் நாடகம்தான். அந்தப் பிரதியை மட்டும் பார்த்த ஒருவரிடம் இது தமிழின் மகத்தான படங்களில் ஒன்று என்று நான் எப்படி நிரூபிப்பேன்?

'அவள் அப்படித்தான்' படத்துக்கும் இதே கதிதான். கலர் வந்துவிட்ட 1978இல் கறுப்பு வெள்ளையில் வந்த படம். நாயகி மஞ்சுவின் முகம் எப்போது வெளிச்சத்துக்கு வருகிறது, எப்போது இருட்டுக்குள் போகிறது என்பதே அந்தப் படத்தில் பாதிக் கதை. நான் பார்த்த பிரதிகளில் இருட்டு என்றால் ஒரே கறுப்புக் குழம்பு. மஞ்சுவாக நடித்த ஸ்ரீப்ரியாவின் கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஒலியையும் விட்டுவைக்கவில்லை. மேலே சொன்ன 25 ஃபிரேம் விவகாரத்தில் படம் வேகமாவதோடு சுருதியும் ஏறுகிறது, அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக. இளையராஜாவின் பாட்டை ரெக்கார்டில் கேட்டு வளர்ந்த காதுக்கு, படத்தில் வரும்போது ஏதோ ஒட்டாமல் இருக்கும். ஏன் என்று ரொம்ப நாள் தெரியாமலே குழம்பியிருக்கிறேன். கணினியில் சரிசெய்யக்கூடிய சின்ன விஷயம் இது. 'புதுப்பொலிவு' என்று சொல்லிக்கொண்டு வருகிற பிரதிகளில்கூடச் சரிசெய்வதில்லை. சிலவற்றில் பழைய மோனோ ஒலித்தடத்தின் மேல் புதிதாகக் கதவுச் சத்தமும் இடிச் சத்தமும் சேர்த்திருக்கிறார்கள். அமைதியாக இருந்த இடத்தில் காற்று ஊளையிடுகிறது. அந்த அமைதியை ஒரு ஒலிப்பதிவாளர் யோசித்து வைத்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா?

டைட்டில் கார்டை வெட்டுவது எனக்கு மன்னிக்கவே முடியாத காரியமாகப் படுகிறது. நடிகர் பெயரும் இயக்குநர் பெயரும் எப்படியும் நிலைத்துவிடும். எடிட்டர், ஒலிப்பதிவாளர், உதவி இயக்குநர், ஒப்பனை, ஸ்டில்ஸ், லேப் என்று கடகடவென்று போகிற அந்தப் பெயர்கள் பலருக்கும் வேறெங்கும் பதிவாகவில்லை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து இந்தத் தகவல்களைத் திரட்டினார். அவருக்குப் பிறகு எங்களுக்கு ஆதாரம் படத்தின் டைட்டில்தான். அந்த இடத்தில் உங்கள் நிறுவனத்தின் சின்னத்தைச் சுழலவிட்டு, நேராக முதல் காட்சிக்குப் போய்விடுகிறீர்கள். உழைத்தவர்களின் பெயரை அவர்கள் உழைத்த படத்திலிருந்தே எடுக்கிற உரிமையை எந்த ஒப்பந்தம் உங்களுக்குக் கொடுத்தது?

இதெல்லாம் பிரதிகளைப் பற்றிய குறை. மூலமே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் பெரிய பயம்.

எங்கள் ஊர்ப்பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்த ஒரு பெரியவர் வீட்டில் சில படப்பெட்டிகள் இருந்தன. கொட்டகையை மூடிய பிறகு யாரும் கேட்டு வராமல் அங்கேயே தங்கிவிட்டவை. பார்க்கக் கூப்பிட்டார், போனேன். தகர டப்பாவின் மூடியைக் கத்தி விட்டு நெம்பித் திறந்ததும் காடி வாடை மூக்கில் அடித்தது. அசிடேட் சுருள் கெடத் தொடங்கினால் வருகிற வாடை அது. உஷ்ணமும் ஈரப்பதமும் சேர்ந்தால் சீக்கிரம் வரும். சுருளின் ஓரம் அலை அலையாக நெளிந்திருந்தது. பெரியவர் நுனியைப் பிடித்து மெதுவாகப் பிரிக்கப் பார்த்தார். முதல் சுற்று வந்தது, இரண்டாவது சுற்று அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு, படம் இருந்த பூச்சு உரிந்து அவர் விரலில் வந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தோம். சுருளில் ஒரு பெண்ணின் புடவைத் தலைப்பு மட்டும் இருந்தது. முகம் அவர் விரலில் அழுக்காக ஒட்டியிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் டப்பாவை மூடி வைத்தார்.

அது திரையிடுகிற பிரிண்ட். நெகட்டிவ்கள் படச்சுருள் கழுவுகிற லேபில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். டிஜிட்டல் வந்தபின் லேப்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பாக்கி கட்டாமல் விட்ட தயாரிப்பாளர்களின் நெகட்டிவ்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. தன் படங்களின் நெகட்டிவ்களே கெட்டுப்போய்விட்டதைப் பற்றி, 'வீடு', 'சந்தியா ராகம்' உட்பட, பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் வேதனையோடு பேசினார். தமிழ்ப் படங்களுக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2014 பிப்ரவரியில் அவர் போய்விட்டார். தேசிய விருது வாங்கிய படங்களின் நிலைமையே இது என்றால், விருது வாங்காத நல்ல படங்களை யார் கேட்பார்கள்?

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. டி.பி. ராஜலட்சுமி நடித்தது. இன்றைக்கு ஒரு பிரிண்ட்கூடக் கிடையாது. அதற்கு முன் நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படங்களும் கிடையாது. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். அதில் இருக்கிற வெள்ளிக்காக உருக்கவும் செய்தார்கள். அவர்களுக்குத் தெரியாது, வசதியும் இல்லை. 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படம் பிழைத்ததே, அதன் மூல நாவலின் பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் பதிப்பாளர் கையில் தங்கிவிட்டதால்தான். பழைய படங்களின் பாட்டுப் புத்தகங்கள் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் காலணாப் புத்தகத்தைக் காப்பாற்ற ஆள் இருந்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் செலவு செய்து எடுத்த படத்தைக் காப்பாற்ற ஆள் இல்லை.

உங்கள் தரப்பில் சொல்வதும் எனக்குத் தெரியும். நேரில் சிலரிடம் பேசியிருக்கிறேன். செலவு அதிகம் என்கிறீர்கள், உண்மைதான். உரிமை பல கை மாறிவிட்டது, நெகட்டிவ் உரிமை ஒருவரிடம், சேட்டிலைட் (தொலைக்காட்சி) உரிமை இன்னொருவரிடம், டிஜிட்டல் (இணைய) உரிமை மூன்றாமவரிடம், யார் செலவு செய்வது என்கிறீர்கள். அதுவும் உண்மை. பழைய படத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1964இல் வந்த 'கர்ணன்' 2012 மார்ச்சில் டிஜிட்டலாகி மறுபடி வந்தபோது நூறு நாள் தாண்டி ஓடியது. அதற்குப் பிறகு எத்தனை மறுவெளியீடு! 2024இல் 'கில்லி'க்குக் கூடிய கூட்டத்தை நீங்கள்தான் எண்ணிப் பார்த்தீர்கள். நல்ல பிரதி கொடுத்தால் வருவார்கள்.

செலவுக்கும் வழி இல்லாமல் இல்லை. ஏறத்தாழ 2,200 படங்களைப் புதுப்பிக்க 363 கோடி ரூபாய் ஒதுக்கியிருப்பதாக மத்திய அரசு 2022இல் அறிவித்தது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 முதல் இருக்கிறது. பழைய படங்களை மீட்கிற பிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அரவிந்தனின் 'கும்மாட்டி' என்ற மலையாளப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புனே காப்பகத்தில் ஒரு நல்ல பிரிண்ட் இருந்தது. அதை வைத்தே படத்தை மீட்டுவிட்டார்கள். அவருடைய 'தம்ப்' 2022இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. சத்யஜித் ராயின் அப்பு படங்களின் நெகட்டிவ்கள் லண்டனில் தீயில் கருகியவை. அவற்றிலிருந்தே எடுக்க முடிந்த ஃபிரேம்களை எடுத்து 2015இல் மீட்டெடுத்தார்கள். 'ஷோலே' 2025இல் தணிக்கைக்கு முந்தைய முடிவோடு முழுதாகத் திரும்பி வந்தது. எங்கேயோ ஒரு பிரதியை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது. 'உதிரிப்பூக்க'ளுக்கும் 'அவள் அப்படித்தா'னுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டாமா?

பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தின் மீது உங்கள் உரிமை, அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 'அந்த நாள்' மீதான உரிமை 2014 முடிவோடு முடிந்துவிட்டது. அதன்பின் அதை யார் வேண்டுமானாலும் போடலாம். போடுகிறார்கள், கண்றாவியான பிரதிகளை. நல்ல மூலம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வந்தால்தான் நல்ல பிரதி. உரிமை முடிந்த பின்னும் பெட்டி உங்கள் கிடங்கில்தான் இருக்கிறது. அதனால்தான் கோர்ட்டிடம் போகாமல் உங்களிடம் கேட்கிறேன்.

என் கோரிக்கைகள் இவை.

ஒரு படத்தின் புதிய பிரதியைப் போடும்போது பழைய முழுப் பிரதியை எடுக்காதீர்கள். எடுத்தவற்றைத் திரும்பப் போடுங்கள். சுருக்கிய பிரதி வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அது சுருக்கியது, இத்தனை நிமிடம் குறைக்கப்பட்டது என்று முதலிலேயே எழுதிக் காட்டுங்கள். தணிக்கைச் சான்றிதழையும் டைட்டிலையும் கடைசி வரை அப்படியே விடுங்கள்.

படத்தை எடுத்த சட்டகத்திலேயே காட்டுங்கள். பக்கத்தில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். 24 ஃபிரேம் வேகத்திலேயே கொடுங்கள், மூல ஒலித்தடத்தைக் கொடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு முன், ஒளிப்பதிவாளரோ அவரிடம் வேலை செய்தவர்களோ இருந்தால் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அந்தத் தலைமுறை நம்மோடு இருப்பது இன்னும் கொஞ்ச காலம்தான்.

உங்கள் கிடங்கிலும், மூடிய லேப்களிலிருந்து வந்த பெட்டிகளிலும் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பட்டியல் போடுங்கள். எந்தப் படம், நெகட்டிவா பிரிண்டா, எத்தனை ரீல், என்ன நிலைமை என்பதுவரை அதில் இருக்க வேண்டும். அதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். எது இல்லை என்று தெரிந்தால்தான், எங்களைப் போன்றவர்கள் பழைய ஆபரேட்டர்களிடமும், விநியோகஸ்தர்களிடமும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று படங்கள் போன ஊர்களிலும் தேட முடியும். தேடித் தருகிற வேலையைச் செய்ய ஆர்வமுள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கூலி கேட்க மாட்டார்கள்.

இனி வைத்துப் பராமரிக்க முடியாத பெட்டிகளை விற்காதீர்கள், எரிக்காதீர்கள், மழை ஒழுகுகிற இடத்தில் அடுக்காதீர்கள். புனே காப்பகத்துக்கு அனுப்புங்கள். அங்கே ஒப்படைப்பதால் உங்கள் வணிக உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, சென்னையிலேயே குளிர்பதனக் கிடங்கோடு ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் அமைக்கச் சொல்லி, நீங்களே முன்நின்று தமிழக அரசிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டால் அது ஒரு மனு. தொழில் நடத்துகிற நீங்கள் சேர்ந்து போய்க் கேட்டால் அதற்கு வேறு மதிப்பு.

தயாரிப்பாளர் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். விவாதித்து, முடியும் முடியாது என்று எதைச் சொன்னாலும் காரணத்தோடு எழுத்தில் சொல்லுங்கள். பட்டியல் போடும் வேலையை எந்த மாதம் தொடங்குவீர்கள் என்பதையும் அந்தப் பதிலில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்ப் படங்களைப் பார்த்தும் எழுதியும் வருகிற ஒரு ரசிகை,
மதுரை